சாயச்சேறு

உள்பாவாடை தைப்பதுதான் ரிபாயிக்குத் தொழில். சங்கரன்கோவிலில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. துணிக்குச் சாயம் போடுவது அவன். தைப்பது அவன் மனைவி ஆயிஷா சித்திகாவும் பக்கத்துப் பெண்கள் சிலரும்.

முன்பெல்லாம் சாயத் தண்ணீர் நேரே ஓடைக்குப் போய்விடும். துணியைப் பச்சையில் முக்கிய அன்று ஓடை பச்சை, மெரூனில் முக்கிய அன்று மெரூன். அதைக் குடித்துத்தானோ என்னவோ, அதே தெரு ஆறுமுகச்சாமியின் வெள்ளாடு ஒன்று வயிறு ஊதிச் செத்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. ஓடையில் பல பேருடைய சாயமும்தான் ஓடியது. ஆனால் ரிபாயிக்கு மனசு கேட்கவில்லை. தொட்டி கட்டினான். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் சாயம் அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரை அடுத்த அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்த் தொல்லை தீர்ந்தது. அடியில் படிந்த சேறுதான் பிடித்துக்கொண்டது. காயவைத்து மூட்டை கட்டி, குப்பை வண்டி வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

வண்டிக்காரப் பெண் கோகிலா கேட்டாள்: “மக்குற குப்பையா, மக்காத குப்பையா அண்ணே?”

“ரெண்டுலயும் சேராதும்மா.”

“அப்ப வண்டியிலயும் சேராது.”

இப்படிப்பட்ட கழிவை எடுத்துப்போய் முறையாகப் புதைக்கிற கம்பெனி ஒன்று வெளியூரில் இருப்பது தெரிந்து போன் போட்டான். ஒரு லாரி லோடு இருந்தால்தான் வருவோம் என்றார்கள். மற்ற சாயக்காரர்களையும் சேர்த்தால் லோடு தேறும் என்று அடுத்த தெரு முகம்மது ஹுசைனிடம் போனான்.

ஹுசைன் சிரித்துவிட்டான். “எங்கிட்ட ஏது வே சேறு? தொட்டி கட்டுனவனுக்குத்தான சேறு!”

ரிபாயிக்குக் காது சுட்டது. வந்த வழியே திரும்பினான்.

கொட்டகைக்கு வெளியே சுவரோரம் மூட்டைகள் ஏறிக்கொண்டே போயின. ஒருநாள் ஆறுமுகச்சாமியே வந்து நின்றார்.

“என்ன பாய், விஷத்த மூட்ட கட்டி அடுக்கி வச்சிருக்கியாமே? தெருவுல புகார் குடுக்கப் போறானுவ.”

“ஓடையில விட்டப்ப ஒருத்தனும் புகார் குடுக்கலியே அண்ணாச்சி!”

“அது ஓடிப் போயிருது. இது கண்ணு முன்னால உக்காந்திருக்கே.”

அவர் போனதும் ரிபாயி ஒரு மூட்டையை ஸ்கூட்டரில் தூக்கிப் போட்டான். “ஊரோட நானும் ஓடையிலயே கொட்டிட்டு வாரேன். நல்லவனா இருந்தது போதும்!”

ஆயிஷா தையலை விட்டு எழவில்லை. “கொட்டிட்டு வாங்க மச்சான். வந்து அந்தத் தொட்டியவும் இடிச்சிருங்க. எதுக்கு வீணா சுண்ணாம்பு கரைக்கணும்?”

அவன் சாவியைத் திருகினான், அணைத்தான். ஸ்டாண்டை ஓங்கி ஓர் உதை விட்டுவிட்டு மூட்டையை இறக்கினான்.

அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழையில் நனைந்தால் சேறு கரைந்து, கட்டிக் காத்ததெல்லாம் ஓடைக்கே போய்ச் சேரும். வேறு வழியில்லாமல் கொட்டகையில் இருந்த தையல் மெஷின்களை எல்லாருமாக வீட்டு முன்னறைக்குத் தூக்கினார்கள். மூட்டைகள் கொட்டகைக்குள் போயின. கடைசி மூட்டை உள்ளே போனபோது தகரத்தில் சடசடவென்று மழை விழுந்தது.

“மெஷினு இங்கன, கட்டில எங்கன போடுதது?” என்றாள் ஆயிஷா.

மெஷின்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கட்டிலை ரிபாயி எரிச்சலோடு பார்த்தான். “முதல்ல கால்மாட்டப் பிடி, தூக்குவோம்,” என்றான்.