கறுப்புக் காரும் சாமித் துணியும்

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் என் பனியனைக்கூட அலசிப் போட்டதில்லை என்பது என் மனைவியின் தீராத குறை. கடையில் மட்டும் தினமும் ஐம்பது துண்டுகளைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல அலசுகிறேனே, அந்தப் பொறுமை வீட்டு வாசலில் எங்கே போகிறது என்று கேட்பாள். நியாயமான கேள்விதான்.

கடை என்று நான் சொல்வது மண்ணூர் பக்கம் சாலையோரத்தில் உள்ள ஒரு தகரக் கொட்டகை. ‘கார் டீடெய்லிங்’ என்று போர்டு போட்டிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் வாட்டர் வாஷ் உண்டா என்றுதான் கேட்பார்கள். வாட்டர் வாஷ் அழுக்கை எடுக்கும். நான் பெயின்ட்டில் விழுந்த கீறலை எடுத்து, கண்ணாடிபோல் பளபளக்க வைப்பேன் என்று விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி, வாட்டர் வாஷே போடுங்கள் என்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் ஆறு வருடம் கான்ட்ராக்டில் இருந்தேன். லைனின் கடைசியில் வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும் ஒரு கூண்டு உண்டு. புதுக் கார் அதற்குள் வந்து நிற்கும். அதன் உடம்பில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடிப்பது என் வேலை. பெல்ட் கூடாது, வாட்ச் கூடாது, மோதிரம் கூடாது. கல்யாண மோதிரத்தையே கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்தக் கார்களோடு குடும்பம் நடத்தினேன். கான்ட்ராக்ட் முடிந்த அன்று ஷூவை வாங்கிக்கொண்டார்கள், அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கண்ணை மட்டும் திருப்பி வாங்க மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் காரைப் பார்த்தாலும் எனக்குக் கார் தெரிவதில்லை, கீறல்தான் தெரிகிறது. ஊரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரைப் பார்த்து, பானெட் முழுக்கச் சுருள் கீறல் என்று சொல்லிவிட்டேன். அந்தக் குடும்பம் இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

கீறல் பெரும்பாலும் விபத்தில் விழுவதில்லை, துடைப்பதில்தான் விழுகிறது. அதனால் என் தொழிலில் கடவுள் மைக்ரோஃபைபர் துண்டுதான். அதை வாங்கப் போகும்போது பழைய சி.டி. ஒன்றைப் பையில் எடுத்துப் போவேன். கடைக்காரர் இது அந்த கிரேடு, இந்த கிரேடு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் துண்டை நாலு தேய்ப்பு தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். கோடு விழுந்தால் அது தரை துடைக்கத்தான் லாயக்கு. புறங்கையில் இழுத்துப் பார்த்தால் நல்ல துண்டு தோலின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை வாங்கிய அன்றே வெட்டிவிட வேண்டும். அந்தச் சின்ன நைலான் துண்டு, ஆணி செய்யும் வேலையைச் செய்யும்.

கடையில் துண்டுகளுக்குள் பதவிகளும் உண்டு. நீலம் பெயின்ட்டுக்கு. மஞ்சள் உள்ளே சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும். சிவப்பு டயருக்கு. நீலம் ஒருமுறை தரையில் விழுந்துவிட்டால் போயிற்று, அந்த நிமிஷமே சிவப்புக் கூட்டத்தில் சேர்ந்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பு மறுபடி நீலமாவதில்லை. கான்ட்ராக்டில் இருந்தவன் என்பதால் இந்த விதியை நான் யாரிடமும் கற்க வேண்டியிருக்கவில்லை.

துவைப்பது தனிக் கதை. பருத்தித் துணியோடு சேர்த்துப் போடக் கூடாது, பஞ்சையெல்லாம் இழுத்துக்கொள்ளும். வாசனைக்கு ஊற்றும் கம்ஃபர்ட் கூடாது, இழையில் மெழுகுபோல் படிந்து துண்டைக் கொன்றுவிடும். கொதிக்கும் தண்ணீர் கூடாது. சாலையில் டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதி படாமல் கொட்டகைக்குள்ளேயே நிழலில் காய வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். அதே போர் தண்ணீரைக் காய்ச்சித்தான் வீட்டில் நாங்கள் குடிக்கிறோம்.

இனி ஓனர். கொட்டகையும் அதன் பின்னால் உள்ள மனையும் அவருடையது. பரம்பரையாக இந்த ஊரில் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குப் போனதும் ஒரு பெரிய கறுப்புக் கார் வாங்கினார். அந்தக் காரை விட்டு இறங்கும்போதெல்லாம் உழுது முடித்த மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல பானெட்டில் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, தட்டிய இடத்தை ஒரு துடை துடைப்பார். விரலில் கல் வைத்த மோதிரம். அந்தத் தட்டும் துடைப்பும் நடக்கும்போது நான் திரும்பி நின்று எதையாவது மடித்துக்கொண்டிருப்பேன்.

போன புரட்டாசியில் என் பதினொரு மாத அக்ரிமென்ட் முடிகிற நேரம். பிரியாணிக்கடை வைக்க ஒருவர் அந்தக் கொட்டகையைக் கேட்டிருந்தார். ஓனரிடம் கேட்டேன். ஆயுத பூஜை முடியட்டும், பொண்ணு நிச்சயதார்த்தம் முடியட்டும், பார்த்துக்கலாம் என்றார். ‘பார்த்துக்கலாம்’ என்றால் என்ன என்று தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். மறுநாளே கொட்டகைக்குப் பின்னால், நான் வைத்த தென்னங்கன்றுக்குப் பக்கத்தில், ஒரு லோடு எம்-சாண்ட் வந்து இறங்கியது. பிரியாணிக்கு அடுப்படி கட்டத்தான் என்று டீக்கடையில் சொன்னார்கள். இந்தக் கொட்டகை போனால் மெயின் ரோட்டில் எனக்கு வேறு இடம் கிடைக்காது. மனைவி ஒருத்தியின் சம்பளத்தில் நானும் என் ஐம்பது துண்டுகளும் சாப்பிட வேண்டும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அதனால் நிச்சயதார்த்தத்துக்கு அந்தக் கறுப்புக் காரை என் கையால் தயார் செய்து தருகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். காரைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் அசந்தால் ஓனர் மனம் இளகும் என்பது என் கணக்கு.

ஆயுத பூஜையன்று காருக்குப் பட்டை, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். மறுநாள் அதைத் துடைக்கப் போனபோது ஓனரின் மனைவி குறுக்கே வந்தார். சாமிக்கு வைத்த பொட்டைத் துடைத்த துணியை டயர் தண்ணீரில் முக்கக் கூடாது, அந்தத் தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக் கூடாது என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை என் பக்தியும் பயமும் சேர்ந்து செய்தன. பிரிக்காமல் வைத்திருந்ததிலேயே மிருதுவான வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, சாமித் துணி என்று ஒதுக்கினேன். நீலம், மஞ்சள், சிவப்புக்கு மேலே புதிதாக ஒரு பதவி. பொட்டை ஈரத்தோடு பக்குவமாக ஒற்றியெடுத்தேன். கால் படாத இடம் எது என்று யோசித்து, தென்னங்கன்றின் தூரில் உட்கார்ந்து, குழாயைப் பிடித்து அங்கேயே அலசிப் பிழிந்தேன். காய்ந்ததும் மடித்து, டப்பாவில் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா காருக்குப் புதிதாகப் பொட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். சனிக்கிழமை காலையில் கார் என் கொட்டகைக்கு வந்தது. எந்தத் துண்டையும் புறங்கையில் இழுத்துப் பார்க்காமல் காரில் வைக்காதவன் நான். ஆனால் சாமித் துணியைப் புறங்கையில் தேய்ப்பார்களா? பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஈரப்படுத்தி, பானெட்டில் இருந்த மூன்று பொட்டுகளையும் துடைத்தேன். காரைக் கழுவி, உலர்த்தி, வெயிலுக்குத் தள்ளினேன். மூன்று பொட்டு இருந்த இடத்திலும் உள்ளங்கை அகலத்துக்குக் கீறல். வட்டம் வட்டமாக, பிசகாமல், என் கை போன தடத்திலேயே.

அங்கேயே கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கென்று கரன்ட்டும் இல்லை. பராமரிப்புப் பணி, சாயங்காலம்தான் வரும். பாலிஷ் மெஷினை எடுக்க வழியில்லை.

என் மனைவி சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். தலைமுதல் கால்வரை மூடிக்கொண்டு, தூசி நுழையாத அறையில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராக வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அந்த வெள்ளைத் துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினாள். நகத்தால் எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்துச் செய்த மணல், ஒவ்வொன்றுக்கும் முனை இருக்கும்.

எங்கே அலசினேன் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

“துணியவா மரத்தடிக்குக் கொண்டு போவீக? சுத்தமான வாளியில அலசிட்டு, தண்ணியக் கொண்டுபோயி மரத்துக்கு ஊத்த வேண்டியதுதானே?” என்றாள்.

ஆறு வருடம் தொழிற்சாலையில் படித்தவன், சி.டி.யோடு கடைக்குப் போகிறவன், எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு வழி இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள ஒரு மெழுகு உண்டு. கையால் பூசினால் கீறல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரண்டு கழுவலில் மறுபடி தலை நீட்டும். அதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிடும், அக்ரிமென்ட்டும் ஆகிவிடலாம். மெழுகு டப்பாவைத் திறந்தும் விட்டேன். ஆனால் முடியவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. ஆறு வருடம் ஒரு கீறலையும் தாண்டிப் போக விடாதவன் என்ற திமிர் ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது, அதையும் விட மனம் வரவில்லை.

ஐந்து மணிக்கு ஓனர் வந்தார். காரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வழக்கம்போல் கையை ஓங்கினார். அதற்குள் சொல்லிவிட்டேன், என்னால் மூன்று இடத்தில் கீறல் விழுந்துவிட்டது என்று.

குனிந்து பார்த்தார். “எங்க கீது?” என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. என் தப்பைப் பார்க்கச் சொல்லி நான் அவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது. காரைக் கொட்டகைக்குள் தள்ளி, போன் டார்ச்சைப் போட்டு, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குத் தெரிந்தது. முகம் தொங்கிவிட்டது. டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி அவரே நகர்த்தினார். பானெட் முழுக்க, கதவு முழுக்க, மெல்லிசான நூறு கீறல்கள்.

“இதெல்லாம் யாரு போட்டது?”

என் கண் சொன்னபடி கேட்காமல் அவர் தோள் துண்டுக்குப் போய், மோதிரத்துக்குப் போய்த் திரும்பியது. அவர் அதைப் பார்த்துவிட்டார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் நானும் மனைவியும் துண்டுகளை நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். எங்கே கொண்டு போவது என்பது மட்டும் தெரியாது. கறுப்புக் கார் வந்து நின்றது.

“இன்னா தம்பி, மூட்ட கட்டிகினுகீற?” என்றார் ஓனர். “எல்லாத்தையும் எடுத்து வை. பிரியாணிக்காரருக்கு வேற எடம் காட்டிட்டேன். நிச்சயதார்த்தத்துல அத்தினி பேரும் காரு கண்ணாடி மாரி கீதுன்றாங்கோ. எனுக்கு மட்டும் கீறலாவே தெரியுது. மூணு வருசமா எவனும் சொல்லல, நீதான் சொன்ன. இத்த எடுக்கற வரிக்கும் நீ எங்கியும் போவக் கூடாது.”

இரண்டு நாளில் எடுத்துக் கொடுத்தேன். அக்ரிமென்ட் இன்னொரு பதினொரு மாதத்துக்கு ஆனது. சாமித் துணிக்கென்று என் மனைவி ஒரு சில்வர் வாளி வாங்கி வந்தாள். அலசிய தண்ணீர் இப்போது தென்னங்கன்றுக்குப் போகிறது, துணி போவதில்லை. கன்று நன்றாகத்தான் வளர்கிறது.

ஓனர் தினமும் வருகிறார். காரை விட்டு இறங்கியதும் பழக்கத்தில் கை பானெட்டை நோக்கி எழும். பாதியில் நின்றுவிடும். மோதிரம் கழற்ற வராது, விரல் தடித்துவிட்டது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, தன் காரைச் சுற்றி வருவார். தொழிற்சாலைக் கூண்டில் ஆறு வருடம் நானும் அப்படித்தான் நின்றேன், ஆனால் அங்கே இருந்த எந்தக் காரும் என்னுடையதல்ல. அவரை அப்படிப் பார்க்கும்போதெல்லாம், அண்ணே, ஒரு தட்டு தட்டுங்க, நான் துடைச்சுக்கறேன் என்று சொல்ல வாய் வரும். இதுவரை சொன்னதில்லை.