அண்ணி கேட்ட பூ

என் அண்ணன் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு என்றால் மற்றவர்கள் கறி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். அவன் கறுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடவுள் இல்லை என்று பேசப் போய்விடுவான். அந்தச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பதே அண்ணிதான். அவள் சாமி படத்துக்கு விளக்கு வைப்பாள். அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சோறு தின்பான். இதற்காக அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் நடந்த விவாதத்துக்குத் தங்கச்சி நானும் அண்ணியும் போயிருந்தோம். எதிரே பேசியவர் கோயில் விழாக்களில் சொற்பொழிவு செய்கிறவர். பேச்சு எங்கெங்கோ சுற்றி, பூக் கேட்பதில் வந்து நின்றது. எங்கள் பக்கம் கல்யாணமோ ஆபரேசனோ, குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் தொடமாட்டார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனி இலையில் மடித்துச் சாமி காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது. அண்ணன் இதைக் கிழிகிழியென்று கிழித்தான். கூட்டம் சிரித்தது. சொற்பொழிவாளர் விடவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போனால் நீங்களும் பூக் கேட்டு நிற்பீர்கள் என்றார்.

"நின்னா, அன்னைக்கோட நான் மைக்கைத் தொடமாட்டனுங்க" என்றான் அண்ணன்.

அந்தத் துண்டு வீடியோ ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த மாதமே அண்ணிக்கு மார்பில் கட்டி. புற்றுதான், சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அண்ணி, பூக் கேட்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்றாள். புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று கேட்பதுதான் முறை. அண்ணன் கத்தினான், கெஞ்சினான், சாப்பிடாமல் கிடந்தான். அவள் இட்டிலி ஊற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். வாரங்கள் ஓடின. கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்தது. இரண்டு பேரையும் பளாரென்று அறையலாம் போல இருந்தது எனக்கு.

கடைசியில் அவன்தான் இறங்கி வந்தான். கோயில் வெள்ளகோவில் பக்கம். கிளம்பும் முன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, பூசாரியிடம் சொல்லி இரண்டு இலையிலும் வெள்ளையே வைக்க ஏற்பாடு செய்கிறேன் என்றேன். ஊரில் நடக்காததா? நல்ல சம்பந்தம் தட்டிப்போகக் கூடாதென்று எத்தனையோ பக்திமான்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"ஏமாத்து வேலைன்னு மேடையில பேசறவன், நானே ஏமாத்தச் சொல்றதா? அவ நம்பி வர்றா அம்மிணி" என்றான்.

அவனுடைய நேர்மையில் இடி விழ.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அண்ணன் பூசாரியின் காலில் விழுந்தான். "இன்னொருக்காப் போடுங்க சாமி" என்று கும்பிட்டான். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் என்று அவர் நகர்ந்துவிட்டார். யாரோ அதையும் செல்போனில் எடுத்திருந்தான். அந்தப் பக்கத்துக்காரர்கள் ஜெயித்துவிட்டோம் என்று ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். இவனுடைய ஆட்கள் துரோகி என்று சொல்லிக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அண்ணிக்கு என்ன நோய் என்று இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேலைக்கும் போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த பேச்சு. ஒருநாள் நான் ரசம் கொண்டுபோயிருந்தேன். வலியில் சுருண்டு படுத்திருந்தவள் தலையைத் தூக்கி அவனைக் கேட்டாள்.

"எனக்காகக் கூப்படறீங்களா, மேடையில கெலிக்கறதுக்குக் கூப்படறீங்களா?"

"உனக்காகத்தான் புள்ள. வேற ஒண்ணும் இல்ல."

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மார்கழி பிறக்கும் முன்னே போய்விட்டாள். உனக்காகத்தான் என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னது சத்தியம். அதை அவள் கடைசிவரை நம்பவில்லை.