எதிர் வண்டியில் ஜன்னல் இருக்கை

ஞாயிறு காலை ஏழு மணி. எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறியது நான் மட்டும்தான். கூட வருவதாக இருந்த அப்பா வரவில்லை. ஓர் ஆள் குறைந்தால் போகவர ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று அவரே நின்றுவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னை அடையாற்றில் எனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. பெயர் கூப்பிடும்போது இல்லாதவருக்கு வேலை இல்லை என்று கடிதத்தில் இருந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டேன்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர், பஸ் திரும்பும் இடத்துக்கு நாலு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. இறங்கி வரும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது. அதனால் அது மேலே போகும்போதே ஏறி, கடைசி ஊர்வரை போய், பிடித்த இருக்கையை விடாமல் திரும்பி இறங்குவோம். அந்த நாலு கிலோமீட்டருக்குக் கண்டக்டர் காசு கேட்பதில்லை. அன்றும் அப்படித்தான் ஏறினேன். கள்ளக்குறிச்சிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். மலையை விட்டு இறங்குவதற்குள் நான் எதற்குப் போகிறேன் என்பது பஸ் முழுக்கத் தெரிந்திருந்தது.

கள்ளக்குறிச்சியில் சென்னை பஸ், நூற்றுத் தொண்ணூறு ரூபாய். தியாகதுருகம் தாண்டியதும் பேச்சு நின்றது. உளுந்தூர்பேட்டையில் பக்கத்து இருக்கைக்காரர் இறங்கினார், வேறொருவர் உட்கார்ந்தார். இருவரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. மதியம் மூன்று மணிக்குக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். சென்னை வந்துவிட்டது என்று நினைத்தேன். அங்கிருந்து மேடவாக்கம் போய்ச் சேர இரண்டு பஸ்ஸும் இரண்டு மணி நேரமும் ஆயின. அறை கொடுத்த ஊர்க்காரனுக்கு இரவுக் காவல் வேலை. சாவி கீழே கடையில் இருந்தது. அவன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

திங்கள் காலை 7.40, மேடவாக்கம் நிறுத்தம். தாம்பரத்திலிருந்து அடையாறு போகும் மூன்று பஸ்கள் படியில் ஆள் தொங்க வந்தன. கையில் சான்றிதழ் ஃபைல். கசங்கிவிடுமோ என்று பயம். எதிர்ப்பக்கம் அதே எண் போட்ட பஸ் காலியாக வந்து நின்றது. சாலையைக் கடந்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அடையாறு ஒன்று என்றதும் கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

"இது தாம்பரம் போவுதுப்பா."

"தெரியும்ங்க. போய்ட்டு இதுலயே திரும்பி வந்துடுவேன்."

தாம்பரத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். வழியெல்லாம் நெரிசல், தாம்பரம் வர 9.05 ஆகிவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். நான் இருக்கையை விடவில்லை.

"இன்னா தம்பி, எறங்கல?" என்றார் கண்டக்டர்.

"அடையாறு போவணும்ங்க."

"இது டெப்போக்குப் போவுது, டூட்டி முடிஞ்சுது. அடையாறுலேந்து இம்மாந்தூரம் தள்ளி வந்து குந்திக்கினுகீறியே."

அவர் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஆட்டோக்காரர் அறுநூற்றைம்பது கேட்டார். பேரம் பேசவில்லை.

10.20க்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று, பெயரை அடித்தாயிற்று என்றார்கள். ஃபைலை யாரும் திறக்கக்கூட இல்லை. ஒரு மடிப்பு இல்லாமல் அப்படியே இருந்தது.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். வாசிக்காமல் விட்ட அந்த வரியை அப்போதுதான் சொன்னேன். பஸ்ஸில் கூட்டம், ஏற முடியவில்லை, நேரமாகிவிட்டது என்றேன்.

"எதிர் வண்டியில ஏறிக்கினு இருக்கலாம் இல்லப்பா?" என்றார் அவர்.

"ஆமாப்பா, தோணல" என்றேன்.

அன்று இரவே திரும்பினேன். அப்பா வராததில் மிச்சமான ஐந்நூறு, ஆட்டோவுக்கே போதவில்லை. சாப்பாடும் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு ஆயிரத்து முந்நூற்று எழுபத்தேழு ரூபாய்.