அக்கரையிலும் இக்கரையிலும் ஒரே காடு

காலை ஆறு மணிக்கே அத்தான் மோட்டார் சைக்கிளை உதைத்துவிட்டார். திருகோணமலையிலிருந்து கந்தளாய் இருபத்தைந்து மைல். அக்காவை இவருக்குக் கட்டிக்கொடுத்து எட்டு வருடமாகியும், வேதாரண்யத்திலிருந்து நான் கடல் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை. கப்பலில் தலைமன்னார் வரைக்கும் வாந்திதான். அந்தக் கதை வேண்டாம்.

சீனன்குடாச் சந்தி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காடு. பாலை, வீரை, எல்லாம் எங்கள் ஊர் மரங்கள்தான். ஆனால் இங்கே இருபுறமும் முடிவே தெரியவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. காடு தொடங்கும் இடத்தில் அத்தான் வண்டியை நிறுத்தி, இலையோடு ஒரு கொப்பை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டார். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்குச் செய்யும் மரியாதையாம்.

சற்று நேரத்தில் காடு அறுந்து புது வயல்கள் வந்தன. கரிந்த அடிமரங்கள் இன்னும் நின்றன. மறுபடி காடு, மறுபடி இறங்கிக் கொப்பு முறித்தார். மூன்றாம் தடவை நான் சிரித்துவிட்டேன், பிள்ளையாருக்கு ஒன்று போதாதா என்று.

"முந்தி ஒண்டு கட்டினால் கந்தளாய் வரைக்கும் காணும். இப்ப வெளிய வந்து வந்தெல்லே உள்ளுக்குப் போறம்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்கு, கந்தளாய்க்கு அப்பால் இருந்த அவருடைய மாட்டுப்பட்டியை அடைந்தோம். அறுபது மாடுகள். வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள், அறுவடை முடிந்ததும் வயலுக்குத் திருப்புவார்கள். அந்தக் காட்டைத்தான் அரசாங்கம் புதுக் குடியேற்றத்துக்கு வெட்டப் போகிறது. இடையிடையே துண்டு துண்டாக விடுவோம், மாட்டுக்கு அது போதும் என்று ஓர் அதிகாரி சொல்லியிருக்கிறார். மொத்தப் பட்டியையும் விலைக்குக் கேட்கும் கிண்ணியா வியாபாரிக்கு மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். விற்பதா, வைத்திருப்பதா என்று அத்தானுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. நான் வந்த அன்றே அக்கா காதில் போட்டிருந்தாள்.

ஒரு சட்டித் தயிரை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கட பக்கம் துண்டுக் காடுதானே. பட்டி வைச்சிருக்கினமோ?"

எங்கள் ஊரில் காடு இருக்கத்தான் செய்கிறது. கோயிலைச் சுற்றி ஒரு திட்டு, நடுவில் வயலும் உப்பளமும், அப்புறம் இன்னொரு திட்டு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகிற மாடு யாருடைய பயிரையாவது மிதிக்கும், வாய்ச்சண்டை கைகலப்பாகும். இப்போது ஆளுக்கு இரண்டு மாடு, வீட்டுக் கொட்டகையில், விலைக்கு வாங்கிய வைக்கோலோடு. ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

அவர் மாடுகளின் பக்கம் திரும்பினார்.

"மரம் நிண்டாலும் பட்டி வைக்க ஏலாது எண்டுறீங்கள்."

"ஆமாம் அத்தான்," என்றேன்.

மாலையில் விற்றுவிட்டார். அக்கா என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் புறப்பட்ட அன்று, ரயிலில் என் பெட்டியை ஏற்றிவிட்டு அத்தான் ஜன்னலருகே வந்து நின்றார். "நீங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னும் ரெண்டு வருசம் வைச்சிருந்திருப்பன், தம்பி."

நன்றியா, மனத்தாங்கலா என்று பிடிபடவில்லை. ரயில் மதவாச்சி சேரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் அப்பாவும் ஒரு காலத்தில் பட்டி வைத்திருந்தவர்தான். அவரிடம் இப்படி யாரும் வந்து சொல்லவில்லை. கடைசி மாடு கையை விட்டுப் போகும்வரை, காடு நிற்கிறதே என்று அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அந்தச் சந்தோஷத்தை அத்தானுக்கு நான் இல்லாமல் செய்துவிட்டேன்.