பேட்டரி மூடி

1. ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில், பட்டாளத்திலிருந்த சித்தப்பா நாற்பது நாள் விடுப்பில் ராஜபாளையத்துக்கு வந்தார். கையில் ஒரு வீடியோ கேம் பெட்டி.
2. அதில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. நானும் அவரும் தினமும் விளையாடினோம்.
3. ஏழாவது கோட்டையில் அவரால் நெருப்புக் கிண்ணத்தைக் கொண்டுபோக முடியவில்லை.
4. ரிமோட்டில் கோளாறு என்று நான் கண்டுபிடித்தேன். சரியும் செய்தேன்.
5. அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.
6. விடுப்பு முடிந்து சித்தப்பா ரயிலேறினார்.
7. பதினாறு நாள் கழித்து, கூமாப்பட்டியிலிருந்து ஒரு அம்மா அதிரசத்தைத் தேடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நாலாவதும் ஐந்தாவதும் நான் செய்தவை.

எங்கள் வீட்டு ஆண்கள் பட்டாளத்துக்குப் போவது, பக்கத்து வீட்டு ஆண்கள் மில்லுக்குப் போவது மாதிரிதான். அப்பா பதினேழு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, ஒரு நூல்மில்லில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தார். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் சித்தப்பாவை வளர்த்தது அப்பாதான். விடியுமுன் எழுப்பிக் கண்மாய்க்கரையில் ஓடவிட்டதும், ஆளெடுப்புக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிறுத்தியதும், தேர்வாகி வெளியே வரும்வரை கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றதும் அவர்தான். அதை அவர் அடிக்கடி சொல்லமாட்டார். வருடத்துக்கு இரண்டு தடவைதான் சொல்வார். அந்த இரண்டு தடவையும் சித்தப்பா லீவில் வந்திருப்பார்.

அந்த முறை சித்தப்பா மெலிந்து வந்திருந்தார். வழக்கமாகப் பாதாம், முந்திரி, அம்மாவுக்கு ஒரு சால்வை என்று வரும். இந்த முறை வெள்ளையாக ஒரு பெட்டி. யூனிட்டில் ஒருவர் பழையதாக விற்றதை வாங்கினாராம். யாருக்கு என்று அம்மா கேட்டதற்கு, பாப்பாவுக்கு என்று என்னைக் காட்டினார். முக்கால்வாசி நேரம் விளையாடியது அவர்தான்.

அதில் பட்டன்களைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலை கிடையாது. டிவி ரிமோட் அளவில் ஒரு வெள்ளை ரிமோட். அதைக் கையில் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். நாம் வீசினால் திரையில் வாள் வீசும். நாம் இழுத்தால் வில் வளையும். கதையும் எளிதுதான். ஒரு நாட்டின் அடுப்புகளில் இருந்த நெருப்பையெல்லாம் பனிராசா திருடிக்கொண்டு போய்விடுகிறான். ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் ஆறு கோட்டைகளில் ஆறு கங்குகளைச் சேர்த்து, ஏழாவது கோட்டையில் பனிவெளி முழுக்க அவற்றை ஒரு கிண்ணத்தில் ஏந்திப்போய்க் கதவருகே வைக்க வேண்டும்.

அது கரண்ட் கட் காலம். எந்நேரம் வரும், எந்நேரம் போகும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எந்தக் கோட்டை முடிந்தது, எங்கே சேமித்தோம் என்பதும் அதே நோட்டில் இருந்தது. பதினெட்டு நாளில் ஆறு கோட்டை முடித்தோம். பெரிய வீச்சுகளில் சித்தப்பாவை அடிக்க ஆளில்லை. ஒரு வீச்சில் சுவரிலிருந்த காலண்டர் பாதியாகக் கிழிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “தம்பி, எதிரி டிவிக்குள்ள இருக்கான். எங்க காலண்டர விட்டுருங்க” என்றாள். சித்தப்பா அந்த லீவில் வாய்விட்டுச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது கோட்டை வேறு மாதிரி. அங்கே வீச்சு கிடையாது. ரிமோட்டை மட்டமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடத்த வேண்டும். கை ஆடினால் கிண்ணம் ஆடும், கங்கு ஒன்று பனியில் விழும். மூன்று விழுந்தால் நெருப்பு அணைந்துவிடும். பையன் மண்டியிட்டு அப்படியே உறைந்துபோவான்.

சித்தப்பா கையில் கிண்ணம், மேடுபள்ளத்தில் போகிற பஸ்ஸில் வைத்த மாதிரி ஆடியது. முதல் நாள் பதினோரு தடவை அணைந்தது. பன்னிரண்டாவது தடவை என்னிடம் கொடுத்தார். என் கையில் அது ஆடவில்லை. பனிவெளியைத் தாண்டி, கதவுக்குப் பத்தடிக்கு முன்னால் வந்துவிட்டேன். அங்கே சேமிக்கச் சொல்லிவிட்டு ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

“இத நாந்தான் கொண்டுபோய் வைக்கணும். நீ முடிச்சிராத ஏட்டி.”

அந்தப் பத்தடியைத்தான் அடுத்த இருபது நாளும் அவர் நடந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் சித்தப்பா மூன்று வருடம் மாரியம்மன் கோவிலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தவர். கொழுந்துவிட்டு எரிகிற சட்டியை வேப்பிலை மேல் வைத்துக் கையில் ஏந்தித் தெருவெல்லாம் வருவார், சட்டி அசையாது என்று தெருவே சொல்லும்.

“அந்தக் கைதான தம்பி இது?” என்றாள் அம்மா.

“அத அம்மன் பாத்துக்கிட்டா அண்ணி. இத நாந்தான பாக்கணும்” என்றார் சித்தப்பா. கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். என் கையில் ரிமோட் ஆடவில்லை. அவர் கையில் ஆடுகிறது. ரிமோட் ஒன்றுதான். ஆக, அவர் பிடிக்கும்போது ரிமோட்டுக்கு ஏதோ ஆகிறது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடி கொஞ்சம் லூசாக இருந்தது. அவர் கை பெரிது. அமுக்கும்போது மூடி நகர்ந்து, உள்ளே பேட்டரி விட்டுவிட்டுத் தொடுகிறது. இதைவிடத் தெளிவான காரணம் இருக்க முடியாது என்று தோன்றியது. தீப்பெட்டி அட்டையைக் கிழித்து உள்ளே மடித்து வைத்து, அப்பாவின் டூல்ஸ் பெட்டியிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினேன். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடிதான் சித்தப்பா. உங்க கை பெருசு, அமுக்குது” என்றேன்.

அவர் டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். “அதாத்தான் இருக்கும்” என்றார். பிறகு என் தலையில் கையை வைத்தார். கை அங்கே இருந்தவரை உச்சந்தலையில் மெல்லிசாக ஒரு துடிப்பு இருந்தது. பிரியமாகத் தட்டிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

டேப் சுற்றிய பிறகும் கிண்ணம் ஆடியது. இரண்டு கங்கு விழுந்தது. மூன்றாவது விழுமுன் கரண்ட் போய்விட்டது. நோட்டை எடுத்து, “குறை: கிண்ணம் ஆடுகிறது. காரணம்: பேட்டரி மூடி. சரிசெய்யப்பட்டது” என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பிறகும் ஆடியதை எழுதவில்லை. நான் முதன்முதலாகச் சரிசெய்த பொருள் அது.

லீவு முடியப் போகும் கடைசி மூன்று நாளும் எங்கள் வீட்டில் பொட்டலங்கள் சேரும். அந்த யூனிட்டில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் இருந்தார்கள். லீவு முடிந்து யார் திரும்பினாலும், மற்ற வீட்டு அம்மாமார்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவரிடம் பண்டம் கொடுத்தனுப்புவார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து முறுக்கு வரும், கூமாப்பட்டியிலிருந்து அதிரசம் வரும். மாங்காய் ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பாவில் நாலு மடிப்புத் துணி சுற்றி வரும். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுவது என் வேலை. சித்தப்பாவின் கறுப்புத் தகரப் பெட்டியில் முக்கால்வாசி இடத்தை மற்ற பிள்ளைகளின் பண்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த மூன்று நாளில்தான் அம்மா அப்பாவிடம் பேசினாள். தம்பி அரை டம்ளர் டீதான் ஊற்றச் சொல்லுது, அதையும் எல்லாரும் எழுந்துபோன பிறகுதான் எடுக்குது, மதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்றாள்.

“கையில கோளாறுன்னு ஒரு தடவ எழுதிட்டா அம்புட்டுத்தான்” என்றார் அப்பா. “பொறவு அவன ஓரமா உக்கார வச்சு வீட்டுக்கு அனுப்பிருவாக. அவனுக்கு வேற என்ன தெரியும்?”

மறுநாள் சித்தப்பா முடிவெட்டப் போயிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து எனக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“தாயி, நாளெல்லாம் அவன்கூடத்தான இருக்க. அவன் கை நடுங்குதா? நீ பாத்தியா?”

ரிமோட்டைப் பற்றிக் கேட்கிறார் என்றே எனக்குப் பட்டது. என் வேலையைச் சந்தேகப்படுகிறார் என்று பட்டது.

“இல்லப்பா. ரிமோட்தான் கோளாறு. நான் சரி பண்ணிட்டேன்.”

நோட்டைக் கொண்டுவந்து கோடு போட்ட இடத்தைக் காட்டினேன். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் தெளிந்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. அடுப்படிப் பக்கம் திரும்பி, “கேட்டியா?” என்றார்.

“ஆறாப்புப் பிள்ளைட்ட கேட்டு முடிவு பண்ணுங்க” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் செங்கோட்டையிலிருந்து வரும் சென்னை ரயிலில் சித்தப்பாவை ஏற்றிவிட்டோம். பெட்டியை அப்பாவே தூக்கி உள்ளே வைத்தார். சித்தப்பா வாசலில் நின்று இரண்டு பக்கக் கம்பியையும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். ரயில் இன்னும் நகரவே இல்லை.

“அந்தப் பத்தடி அப்படியே இருக்கட்டும் ஏட்டி. அடுத்த லீவுல வாரேன்” என்றார்.

போய்ச் சேர்ந்தால் அவன் சாவகாசமாகத்தான் கூப்பிடுவான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். பதினாறாம் நாள் கூமாப்பட்டி அம்மா வந்தார். போனில் மகனிடம் பேசியிருக்கிறார். வாசலிலேயே நின்று, குற்றம் சொல்லுகிற மாதிரி தெரிந்துவிடக் கூடாதே என்ற கூச்சத்தோடு கேட்டார்.

“எம் பிள்ளைக்குக் குடுத்த அதிரசம் இன்னும் போய்ச் சேரலையாம். தம்பி எங்கனயும் எறங்கிருச்சா?”

அம்மா அவரை உட்காரச் சொல்லவில்லை. அப்பா போனை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது, சித்தப்பா யூனிட்டுக்கே போகவில்லை என்பது வீட்டுக்குத் தெரிந்தது.

தகரப் பெட்டி சென்னையில் ரயில்வே போலீஸிடம் இருந்தது. அப்பா போய் வாங்கிவந்தார். எறும்பு மொய்த்த அதிரசமும் முறுக்கும் நான் எழுதி ஒட்டிய பெயர்களும் அப்படியே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் பால்கோவா விற்பவர் ஒருவர், முடி ஒட்ட வெட்டிய ஒருத்தர் இறங்கியதாகச் சொன்னார். எங்கள் ஊருக்கு அடுத்த பெரிய நிறுத்தம் அது. பால்கோவா வாங்க இறங்கி ரயிலை விட்டிருப்பான் என்று அப்பா ஒரு வாரம் எல்லாரிடமும் சொன்னார். பிறகு அந்த ஊர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பில் வனக்காவலர் ஒருவர், பை எதுவும் இல்லாமல் ஒரு ஆள் மலைப்பக்கம் நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அப்பாவும் சொந்தக்காரர்களும் ஐந்து நாள் தேடினார்கள். ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து யூனிட்டிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். உடம்புக்கு ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, அப்படி ஒன்றும் இல்லை என்றார். அவர் மறுபடியும் கேட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார். வந்தவர் விருந்தாளி என்பதால், முன்னைவிடத் தெளிவாகவே சொன்னேன். ரிமோட்தான் கோளாறு, நான் சரிசெய்துவிட்டேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு பெரிய ஆள் எழுதிக்கொண்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

நோயாளி என்று எழுதப்பட்டிருக்க வேண்டியவர், சொல்லாமல் ஓடிப்போனவர் என்று எழுதப்பட்டார். இரண்டுக்கும் நடுவில் என் வாக்கியம் நின்றது எனக்கு அப்போது தெரியாது. அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு யாரும் பொட்டலம் கொண்டுவரவில்லை. பையன்கள் வேறு வீடு வழியாகப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் மில் இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் வேலையில் இருக்கிறேன். பேரிங் மேல் சென்சாரை வைத்து, திரையில் கோடு எப்படி ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்கள், கோடு ஆடினால் முதலில் சென்சாரைத்தான் குறை சொல்வார்கள். இயந்திரத்தை நிறுத்தினால் உற்பத்தி போய்விடும், சென்சாரைக் குறை சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் சென்சாரைத் தனியே சோதித்துவிட்டுப் பேசு என்று நான் அவர்களுக்குச் சொல்வேன்.

போன தீபாவளிக்குப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். டேப் பிசினாகி ஒட்டியிருந்தது. அதைப் பிரித்து, தீப்பெட்டி அட்டையை எடுத்துவிட்டு, புது பேட்டரி போட்டேன். லூசான அதே மூடியோடு வேலை செய்யும் இடத்துக்கு எடுத்துப்போய் மேசையில் வைத்துச் சோதித்தேன். மூடியை அமுக்கியும் பார்த்தேன், ஆட்டியும் பார்த்தேன். பிறகு வீட்டு டிவியில் போட்டேன். சேமித்த இடத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான், கதவுக்குப் பத்தடி முன்னால், கிண்ணத்தை ஏந்தியபடி. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடத்தவில்லை. அவரும் நடத்தச் சொல்லவில்லை.

இன்றைய நிலை இது. ரிமோட்டில் குறை இல்லை, அன்றும் இருந்திருக்காது. அப்பா கேட்டால் சொல்லிவிடுவேன், அவர் கேட்கவில்லை. சித்தப்பா இன்னும் வீட்டுக்கு வரவில்லை.