தலை வாரிவிட்ட நிருபர்

மண்டூரில் நாங்கள் சமைக்கும் குசினியின் சுவரை யானை இடித்த காலை, தொலைக்காட்சி நிருபர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மேலே டை, கீழே மடித்துக் கட்டிய சாரம். யாரைப் பேட்டி எடுத்தாலும் முதலில் தலை வாரிவிடுவது அவர் வழக்கம். யானை வேலி போடாத அதிகாரிகளைத் திட்டக் காத்திருந்த என்னையும் பிடித்து நிறுத்தினார்.

“ஐயா, எங்களுக்கு வேலி வேணும்.”

“ஓம் தம்பி, கேப்பம். ஊரே பாக்கும், முதல்ல தலைய நேரா வைங்க.”

வகிடு எடுத்த தலையோடு திட்ட வாய் வரவில்லை. “யானை வந்திச்சு, இடிச்சுப்போட்டுப் போயிட்டு” என்று பள்ளிப் பிள்ளைபோல் ஒப்பித்தேன்.

வேலி இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் பேட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு குடும்பம்தான், சீதன வீட்டோடு பெண் தருகிறோம் என்று வந்தது. இப்போது அந்த வீட்டுக் கண்ணாடியில் வகிடு எடுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்: மனிதர் அன்று செய்தி எடுக்க வந்தாரா, மாப்பிள்ளை பார்க்க வந்தாரா?