கை கழற்றின கதிரை

எனக்கு முதுகு போனது ஐம்பத்துநாலாவது வயசில். விழவும் இல்லை, பாரம் தூக்கவும் இல்லை. கந்தோரில் நிலத்தில் கிடந்த ஒரு குண்டூசியை எடுக்கக் குனிஞ்சனான், நிமிர ஏலாமல் போச்சு. பக்கத்து மேசைக்காரர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத்தான் என்னை நிமிர்த்தினவை. ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், ரெண்டு இடத்தில் டிஸ்க் விலகி நரம்பை நெருக்குது எண்டார். முதுகைத் தாங்கிற நல்ல கதிரை ஒண்டில் இருந்து வேலை செய்யச் சொன்னார். அது ஏலாது எண்டால் மெடிக்கல் போர்ட்டுக்குப் போய் நேரத்தோட ஓய்வு எடுக்கச் சொன்னார்.

நேரத்தோட ஓய்வு எடுக்கிற நிலைமையில் நான் இல்லை. என்ர மனுசன் செத்து ஒன்பது வருஷம், மகள் அப்பதான் கம்பஸுக்கு எடுபட்டிருந்தவள். முழுப் பென்சனுக்கு இன்னும் ஆறு வருஷம் கிடந்தது. அந்த ஆறு வருஷத்தையும் நான் எதிலயாவது இருந்துதான் கழிக்க வேணும், எதில எண்டதுதான் கேள்வி.

எங்கட கந்தோர் துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கு. கடல் காத்து நேரா உள்ளே வரும். இரும்பு அலுமாரி ரெண்டு வருஷத்தில் பொருக்குப் பொருக்காக் கழரும். மேசை லாச்சியைத் திறக்கக் காலால் ஒரு உதை குடுக்க வேணும். அப்பிடியான இடத்தில் கதிரைக்கு ஒரு சட்டம் இருந்தது. கிளாக்குமாருக்குக் கை இல்லாத கதிரை. ஸ்டாஃப் தரத்துக்குப் போனால் கை உள்ள கதிரை. அதுக்கும் மேல போனால் உயரமான முதுகு, அதில் ஒரு வெள்ளைத் துவாய். இதை எழுதின சுற்றறிக்கையை என்ர சேவைக் காலத்தில் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கண்ட சுற்றறிக்கைகளை விட இதைத்தான் ஆட்கள் வடிவாக் கடைப்பிடிச்சவை.

நல்ல கதிரை ஒண்டு வேணும் எண்டு டொக்டரின்ர துண்டோட கடிதம் குடுத்தன். புதுசா வாங்க இப்ப ஏலாது, களஞ்சியத்தில் இருக்கிறதில் தரத்துக்குப் பொருத்தமானதைக் குடுக்கலாம் எண்டு மூண்டு கிழமையால் பதில் வந்தது. அந்தப் பதிலை அடிச்சதும் நான்தான். எங்கட கந்தோரில் மூண்டு பாஷையிலயும் கடிதம் அடிக்கிற ஆள் நான் ஒருத்தி. எனக்கு வாற பதிலை நானே அடிச்சு, நானே கையெழுத்துக்கு வைச்சு, நானே வாங்கிக்கொண்டன்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பா இருந்தவர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் அண்ணர் ஒருத்தர், நானா எண்டுதான் கூப்பிடுவம். என்னை விட ரெண்டு வயசு மூப்பு. எல்லாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லுவார், அதால அவரோட ஒட்டினவை குறைவு. எனக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், அதால எங்களுக்கு ஒத்துப்போச்சு. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், மூலையில் கிடந்த ஒரு கதிரையை இழுத்து, சாக்கை எடுத்துக் காட்டினார்.

மெலிஞ்ச கதிரை. வெள்ளி நிறத்தில் ரெண்டு பக்கச் சட்டம், இடையில் கறுப்புத் தோல் இழுத்துப் பிடிச்சிருக்கு. தோலில் குறுக்கால வரி வரியாத் தையல். பஞ்சு எண்டு ஒண்டும் இல்லை. கீழே நாலு கால், சுத்தினால் சத்தமில்லாமல் சுத்துது. இருப்புப் புத்தகத்தில் அதுக்கு ‘இரும்புக் கதிரை, கறுப்பு, கை உள்ளது, 1’ எண்டு எழுதியிருந்தது. பழைய காலத்தில் இஞ்ச இருந்த ஒரு வெளிநாட்டுக் கொம்பனி கடையைக் கட்டேக்க விட்டுட்டுப் போன சாமானாம். கை இருக்கிறதால கிளாக்குமாருக்குக் குடுக்க ஏலாது. பஞ்சு இல்லாததால பெரிய ஆக்கள் அதில் இருக்கமாட்டினம். கண்டறியாத கான்வஸ் கட்டில் மாதிரிக் கிடக்கு எண்டு முந்தி ஒரு மேலதிகாரி திருப்பி அனுப்பினவராம். இப்பிடியே அது ஒருத்தருக்கும் உதவாமல் மூலையில் கிடந்திருக்கு.

நான் இருந்து பார்த்தன். முதுகுக்குப் பின்னால ஆரோ வந்து நிண்டு தாங்கின மாதிரி இருந்தது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு வலிக்காமல் இருக்கிறன் எண்டு விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

“கைதானே பிரச்சினை? கழட்டி விடுவம்” எண்டார் நானா.

நாலு திருகாணி. ஐஞ்சு நிமிஷ வேலை. கழற்றின ரெண்டு கையையும் பேப்பரில் சுத்தி, ‘கதிரைக் கை, 2’ எண்டு புத்தகத்தில் தனி வரியா எழுதி, தன்ர அலுமாரியில் வைச்சுப் பூட்டினார். மேல் வரியில் ‘கை உள்ளது’ எண்டதை வெட்டி ‘கை அற்றது’ எண்டு மாத்தினார். அந்த வருஷக் கணக்கெடுப்புக்கு வந்தவை கதிரையைப் பார்த்தினம், கையைப் பார்த்தினம், ரெண்டுக்கும் சரி போட்டுக்கொண்டு போச்சினம். எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு.

மூண்டு வருஷம் அதில் இருந்தன். பாலையூற்றில் இருந்து பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி வந்து அதில் இருந்தால், அரை மணித்தியாலத்தில் இடுப்பு அடங்கும். மகள் படிச்சு முடிக்கிற வருஷத்துக்கு வந்துட்டாள். மெடிக்கல் போர்ட்டை நான் மறந்தே போனன்.

பிறகுதான் ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். கொழும்பு ஆள், துறைமுகப் பக்கத்துப் பழைய கட்டடங்களை அளக்க அனுமதி கேட்டு வந்தவர். என்ர மேசைக்கு முன்னால இருந்துகொண்டு ஓயாமல் கீழ பார்க்கிறார். இந்த மனுசன் ஏன் என்ர காலைப் பார்க்குது எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கேட்டே போட்டன். அவர் வெட்கப்பட்டு, காலை இல்லை, கதிரையைத்தான் எண்டு சொல்லி, கொஞ்சம் எழும்ப ஏலுமோ எண்டு கேட்டார். எழும்பினன். மனுசன் நிலத்தில் முழங்கால் போட்டு, போன் வெளிச்சத்தில் கதிரையின்ர அடியைப் பார்த்தார். பக்கத்தில் திருகாணி ஓட்டை நாலையும் கண்டதும் அவருக்கு முகம் செத்துப் போச்சு. கை எங்கே எண்டு கேட்டார். பத்திரமா இருக்கு, புத்தகத்தில் ஏத்தியிருக்கு எண்டு நான் சொன்னன்.

அவர் சொல்லித்தான் தெரியும், அது அமெரிக்காவில் ஒரு புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து வடிவமைச்ச கதிரை எண்டு. உலகத்தில் பெரிய பெரிய கந்தோர்களில் அதைத்தான் போட்டிருக்காம். இப்ப சந்தையில் கிடைக்கிறதில் முக்கால்வாசியும் போலியாம். இது அந்தக் காலத்து அசலாம். சந்தோஷத்தில், நல்லது செய்யிறதா நினைச்சு, எங்கட கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அவர் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். நாசமாப் போன கடிதம்.

ஒரு மாசத்தில் பதில் வந்தது. புதுக் கட்டடத்து முன் மண்டபத்தில் கண்ணாடித் தடுப்புக்குள்ள வைக்கவாம். கையைப் பழையபடி பூட்டி, அனுப்பற் கடிதத்தோட லொறியில் ஏத்தி விடச் சொல்லி எழுதியிருந்தது. அப்ப எங்களுக்கு மேலதிகாரியா இருந்தவர் இளம் ஆள், முப்பத்தெட்டு இருக்கும். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒரு கமா பிழைச்சாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புவார். என்னைக் கூப்பிட்டு, அனுப்பற் கடிதத்தை மூண்டு பாஷையிலயும் அடிச்சுத் தரச் சொன்னார். நான் ஓம் எண்டுட்டு வந்தன். வேற என்ன சொல்ல?

நானா கையைக் கொண்டுவந்து பூட்டினார். அண்டு பின்னேரம் நான் முதல் முதலா அந்தக் கையில் முழங்கையை வைச்சன். முப்பத்திரண்டு வருஷச் சேவையில் கை உள்ள கதிரையில் இருந்தது அண்டுதான். தோளில் இருந்து ஒரு பாரம் இறங்கிச்சுது. சந்தோஷம் வரேல்லை, கோபம்தான் வந்தது. இந்தச் சின்னச் சுகத்தையோ இவ்வளவு காலமும் பூட்டி வைச்சவங்கள் எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில், போனில் அந்தப் புருஷன் பொஞ்சாதியைத் தேடி வாசிச்சன். ரெண்டாம் உலக யுத்தக் காலத்தில் அவை முதல் செய்து பெரிசாக் குடுத்தது கதிரை இல்லையாம். கால் முறிஞ்ச படைக்காரருக்குக் கட்டுறதுக்குப் பலகையை வளைச்சுத் தாங்கு மட்டை செய்து குடுத்தவையாம். பிறகுதான் அதே வளைப்பில் கதிரை செய்யத் தொடங்கினது. நான் இருக்கிற இந்த மாதிரியைக் கந்தோருக்கெண்டு செய்யவும் இல்லை. ஒரு வீட்டுத் தோட்டத்தில், மழை வெயிலில் கிடக்கவெண்டு அலுமினியத்தில் செய்தது. எங்கட இரும்பு அலுமாரி எல்லாம் உப்புக் காத்தில் உதிர, இது மட்டும் ஏன் கறள் பிடிக்காமல் கிடந்தது எண்டு அப்பதான் விளங்கினது. இன்னொண்டும் வாசிச்சன். கனகாலமா எல்லாத்திலயும் புருஷன்ர பேர்தான் முன்னுக்கு. ஒருக்கா ரெண்டு பேரையும் தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டு வைச்சு, அவரைக் கெட்டிக்காரன் எண்டும், அவவைப் பின்னால நிண்டு உதவி செய்யிறவ எண்டும் அறிமுகப்படுத்தினவையாம். எனக்கு அந்த மனுசியை நேரில் தெரிஞ்ச மாதிரி இருந்தது. ரெண்டு பேரும் சாகுமட்டும், கனபேர் பாவிக்கக்கூடிய நல்ல சாமான் செய்ய வேணும் எண்டுதான் நிண்டவை. கண்ணாடிக்குள்ள வைக்க இல்லை.

கடிதத்தை அடிக்க இருந்தன். திகதி போட்டன். விஷயம் எண்ட இடத்தில் கை நிண்டிட்டுது. அந்தக் கதிரையிலயே இருந்துகொண்டு அதை அனுப்பிற கடிதத்தை எப்பிடி அடிக்கிறது? நாளைக்கு அடிப்பம் எண்டு மூடினன்.

நாளைக்கும் அடிக்கேல்லை. என்ர சேவையில் ஒரு கடிதத்தை நான் வேணுமெண்டு பிந்த வைச்சது அதுதான் முதல்தரம். ரெண்டாம் கிழமை கொழும்பில் இருந்து போன் வந்தது. போனை எடுக்கிறதும் நான்தானே. கடிதம் ஆயத்தமாகுது எண்டு சிங்களத்தில் மரியாதையாச் சொல்லி வைச்சன். லொறிக்காரன் ஒருநாள் வேற சாமான் ஏத்த வந்தவன், கதிரையையும் ஏத்தட்டோ எண்டு கேட்டான். கடிதம் இல்லாமல் என்ர களஞ்சியத்தில் இருந்து ஒரு ஆணியும் வெளியில போகாது எண்டு நானா அவனைக் கலைச்சு விட்டார். என்னைத் திரும்பியும் பார்க்கேல்லை.

ஆனால் எனக்குப் பயம் இருந்தது. பொய் சொல்லி இருக்கிற இருப்பு நல்ல கதிரையிலயும் வலிக்கும். இது இல்லாமல் சமாளிக்க ஏலுமோ எண்டு சோதிச்சுப் பார்க்க ஒருநாள் பழைய கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தன். பதினொரு மணிக்கு வலது கால் விறைச்சுப் போச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு மேசையைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பினன். அண்டு பின்னேரம், அனுப்பற் கடிதத்துக்குப் பதிலா, மெடிக்கல் போர்ட்டுக்குப் போக விருப்பம் எண்டு என்ர சொந்தக் கடிதத்தை அடிச்சன். ஒரு பிழை இல்லாமல் பத்து நிமிஷத்தில் அடிச்சு முடிச்சன். மகளுக்கு என்னெண்டு சொல்லுறது எண்டு மட்டும் தெரியேல்லை.

அடுத்த நாள் அந்த இளம் மேலதிகாரி என்ர மேசைக்கு வந்தார். அவர் ஒருநாளும் மேசைக்கு வாறவர் இல்லை, மணி அடிச்சுக் கூப்பிடுறவர். கையில் கொழும்பில் இருந்து வந்த ரெண்டாவது நினைவூட்டல் இருந்தது. அந்தக் கதிரைக் கடிதம் என்ன மாதிரி எண்டு கேட்டார். சொல்லுறதுக்கு என்னட்டப் பொய் ரெடியா இருந்தது. சிங்கள எழுத்துரு பிழைக்குது, பிரிண்டரில் மை இல்லை. வாயைத் திறக்க வேற கதை வந்தது.

“அடிக்கேல்லை சேர். மறந்து போகவும் இல்லை. அது போனால் நானும் போகத்தான் வேணும். என்ர கடிதம் அடிச்சு வைச்சிருக்கிறன்.”

லாச்சியைக் காலால் உதைச்சுத் திறந்து அதை எடுத்து நீட்டினன். அவர் நிண்டபடியே ரெண்டு தரம் வாசிச்சார். கமாப் பிழை பார்க்கிறார் போல எண்டு எனக்கு உள்ளுக்குள்ள எரிஞ்சது. பிறகு கதிரையைப் பார்த்தார். அதின்ர கை ரெண்டிலயும் என்ர முழங்கை இருந்தது. ஒரு கிளாக்குக்கு அது பிழை. எடுக்கப் பார்த்தன், எடுக்காமல் விட்டன்.

அவர் என்ர கடிதத்தை நாலா மடிச்சுத் தன்ர சேட்டுப் பைக்குள்ள வைச்சார். கொழும்பின்ர நினைவூட்டலை என்ர தட்டில், எல்லாக் கடிதங்களுக்கும் அடியில தள்ளி வைச்சார்.

“ஆறுதலா அடியுங்கோ அக்கா. அவசரமில்லை” எண்டார்.

நான் தலையைக் குனிஞ்சுகொண்டன். அழுகை வந்திட்டுது, வெட்கமா இருந்தது. நிமிர்ந்து பார்க்க அவர் போயிட்டார்.

இப்ப அவர் வேற இடத்துக்கு மாற்றலாகிப் போயிட்டார். எனக்குப் பென்சனுக்கு இன்னும் பதினொரு மாசம் கிடக்கு. கதிரையை அனுப்பிற அந்தக் கடிதத்தில் இன்னும் திகதி மட்டும்தான் இருக்கு.